முட்டை மிதக்கவில்லை: கொட்டியாரக் குடாக் கரையில் ஒரு விஞ்ஞான வகுப்பு (நிகழ்வு ஆய்வு)

பூட்டிய அலுமாரி

அலுமாரிக்கு இரண்டு பூட்டுகள். ஒன்றின் திறப்பு அதிபரிடம் இருந்தது. மற்றது, ஓய்வுபெற்றுப் போன ஆசிரியர் ஒருவரின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. அதைத் தேடி எடுக்கவே அரைப் பாடவேளை போயிற்று. உள்ளே முகவைகள், அளவுச்சாடிகள், ஒரு முக்கோல் தராசு, திரவத்தின் அடர்த்தியை அளக்கும், பஞ்சுப் பொதி பிரிக்கப்படாத ஒரு நீரமானி. எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. யாரும் தொடாத பொருள் வேறு எப்படி இருக்கும்?

விஞ்ஞான பாடத்துக்கான ஆசிரிய ஆலோசகராகத் திருகோணமலை மாவட்டத்தில் பாடசாலை பாடசாலையாக ஏறி இறங்குவது என் வேலை. இப்படிப் பூட்டிய அலுமாரிகளைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்களின் சோம்பல்தான் காரணம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு பொருளும் பொருட் பதிவேட்டில் இருக்கிறது. இருப்புக் கணக்கெடுக்கும்போது ஒன்று குறைந்தால் பொறுப்பானவர் பதில் சொல்ல வேண்டும். உடைந்த முகவைக்கு விளக்கக் கடிதம் எழுதிய ஆசிரியர்களை எனக்குத் தெரியும். எடுக்காமல் வைத்த முகவைக்கு விளக்கம் கேட்கப்பட்ட ஆசிரியர் ஒருவரையும் நான் இன்றுவரை சந்தித்ததில்லை. இந்த ஏற்பாட்டில் அலுமாரி பூட்டியே கிடப்பதில் வியப்பு எதுவும் இல்லை. நானும் இதற்கு உடந்தையாக இருந்தவன்தான். வகுப்புக்குப் போனால் பாடக்குறிப்புப் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, திகதி சரியா என்று பார்த்து, ஒப்பமிட்டுவிட்டு வந்த ஆண்டுகள் பல.

இந்த ஆய்வு 2023 கல்வியாண்டில் ஒரு தரம் 9 வகுப்பில் நடந்ததைப் பற்றியது. பாடசாலையின் பெயரும் ஆசிரியையின் பெயரும் இங்கே வேண்டாம். மகாவலி கடலில் கலக்கும் கொட்டியாரக் குடாவின் கரையோரக் கிராமம் ஒன்று. தகப்பன்மாரில் பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள், மீதிப்பேர் வயல் செய்கிறவர்கள். பருவத்துக்கு ஏற்ப இரண்டையும் செய்கிறவர்களும் உண்டு.

அந்த வகுப்புப் பிள்ளைகளின் கதையை நினைவில் வைத்துக்கொண்டுதான் மீதியை வாசிக்க வேண்டும். நம் நாட்டில் விஞ்ஞானம் தனிப் பாடமாகத் தொடங்குவது தரம் 6இல். இவர்கள் தரம் 6க்கு வந்தது 2020 ஜனவரியில். மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டும் பெரும்பகுதி கைத்தொலைபேசியில் போயிற்று, அதுவும் கைத்தொலைபேசி இருந்த வீடுகளில் மட்டும். 2022இல் எரிபொருளும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஆகவே தரம் 9க்கு வந்தபோது, ஒரு பரிசோதனையைக் கையால் செய்த பிள்ளை வகுப்பில் ஒன்றுகூட இல்லை. சாதாரண தரப் பரீட்சை இரண்டே ஆண்டில் வந்துவிடும். அதன்பின் விஞ்ஞானமா, தொழினுட்பமா, கலையா என்று பிரிந்துவிடுவார்கள். உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013இல் வந்தபின், கைவேலையில் திறமையுள்ள பிள்ளைக்கு முன்பு இல்லாத ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்த வாசலை நோக்கி நடக்கலாம் என்ற எண்ணமே தரம் 9இல் முளைக்காவிட்டால், பிறகு முளைப்பது கடினம்.

முட்டை

முதல் நாள் நான் போனபோது பாடம் அடர்த்தி. ‘அடர்த்தி = திணிவு ÷ கனவளவு’ என்று ஆசிரியை கரும்பலகையில் அழகாக எழுதியிருந்தார். பிள்ளைகள் கொப்பியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பின்வாங்கிலிருந்து ஒரு பையன் கையை உயர்த்தாமலே சொன்னான்:

“டீச்சர், எங்கள் அப்பா விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போடுவார். முட்டை மிதந்தால்தான் தண்ணீர் சரி என்பார்.”

வகுப்பு சிரித்தது. ஆசிரியை என்னைப் பார்த்தார். மேற்பார்வைக்கு வந்தவர் உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஒரு குறுக்கீடு வந்தால், “பிறகு பார்ப்போம், இப்போது எழுது” என்று சொல்வதே வழக்கம். இவர் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, “ஏன் அப்பா அப்படிச் செய்கிறார்?” என்று கேட்டார்.

பையன் எழுந்து நின்று விளக்கினான். வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போக வேண்டும். முட்டை மேலே வந்து கொஞ்சம் தெரிகிற அளவுக்கு வந்ததும் நெல்லைக் கொட்டினால் சப்பி மிதக்கும், மணி கனத்தது அடியில் நிற்கும். மிதப்பதை அள்ளிக் கொட்டிவிட்டு, அடியில் நின்றதை நல்ல தண்ணீரில் கழுவி விதைக்க வேண்டும். நாலு வசனத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்தான். பலகையில் இருந்த சூத்திரத்தை விட அந்த நாலு வசனங்களில் அடர்த்தி தெளிவாக இருந்தது.

“அப்படியென்றால் நம் கடல் தண்ணீரில் முட்டை மிதக்குமா?” என்று ஆசிரியை கேட்டார். முழு வகுப்பும் ஒரே குரலில் “மிதக்கும்!” என்றது. கடல்கரைப் பிள்ளைகள்; கடல் உப்பு என்பது அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டிய ஒன்றா?

அடுத்த செவ்வாய்க்கிழமை என்னையும் வரச் சொன்னார். ஒரு பிள்ளை பெரிய போத்தல் ஒன்றில் கடல் தண்ணீர் கொண்டுவந்திருந்தது. முட்டைத் தட்டுப்பாடும் விலையும் ஊர்ப்பேச்சாக இருந்த காலம் அது. பிறகு கழுவி வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்ற உறுதிமொழியின் பேரில்தான் ஆறு வீடுகளிலிருந்து ஆறு முட்டைகள் வந்திருந்தன. ஆசிரியை ஒன்றை எடுத்துக் கரண்டியால் மெதுவாக முகவைக்குள் இறக்கினார்.

முட்டை நேராக அடிக்குப் போய் அங்கேயே கிடந்தது.

ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு கசமுசா. ஆசிரியை முகவையையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு பிள்ளைகள் பக்கம் திரும்பி, “நானும் மிதக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்” என்றார்.

எனக்கு விடை தெரியும். கடல் நீரின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 1.025 கிராம், புதிய முட்டையினது 1.08க்குக் கிட்ட. சொல்லிவிட வாய் துடித்தது. எழுந்தும் விட்டேன். ஆசிரியை கையைக் காட்டி, “சேர், கொஞ்சம் பொறுங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும்” என்றார். நான் உட்கார்ந்தேன். அந்த ஆண்டில் நான் அந்த வகுப்புக்குச் செய்த மிகப் பெரிய உதவி அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

பிள்ளைகள் உப்பைத் தேக்கரண்டியால் போட்டுக் கலக்கினார்கள். எத்தனையாவது கரண்டியில் முட்டை அசைகிறது, எத்தனையாவதில் மேலே வருகிறது என்று எண்ணினார்கள். ஒரு குழுவின் கணக்கு இன்னொரு குழுவோடு ஒத்துவரவில்லை. உங்கள் கரண்டி பெரியது, எங்கள் கரண்டி தட்டையானது என்று சண்டை. அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் முக்கோல் தராசு அலுமாரியை விட்டு முதன்முதலாக வெளியே வந்தது. கரண்டிக் கணக்கு கிராம் கணக்காக மாறியது. ஒரு லீற்றர் கடல் நீரில் உப்பு 35 கிராம் அளவில் இருக்கிறது. புதிய முட்டையை மிதக்க வைக்க மொத்தமாக அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் வேண்டியிருந்தது.

அப்படியும் ஒரு குழுவின் முட்டை மட்டும் மற்றவற்றை விடக் குறைந்த உப்பில் மிதந்தது. நிறுத்துப் பார்த்தார்கள், திரும்பச் செய்தார்கள், அதே விடைதான் வந்தது. கடைசியில் அந்த முட்டையைக் கொண்டுவந்த பிள்ளை தயங்கித் தயங்கி, அது வீட்டில் பல நாள் இருந்த முட்டை என்று சொன்னது. முட்டை ஓட்டில் நுண்துளைகள் உண்டு. நாள் ஆக ஆக உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற, அந்த இடத்தைக் காற்று பிடிக்கிறது. கனவளவு மாறுவதில்லை, திணிவு குறைகிறது. பலகையில் இருந்த சூத்திரம் அன்றுதான் பிள்ளைகளுக்கு வேலைக்கு வந்தது. ஒன்றைச் சோதிக்கும்போது மற்றவற்றை ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டும் என்பதை ஆசிரியர் வழிகாட்டி ஒரு பந்தியில் சொல்கிறது. பழைய முட்டை ஒன்று அதை நாற்பது நிமிடத்தில் சொல்லிவிட்டது.

நாற்பது நிமிடம் என்பதைச் சும்மா சொல்லவில்லை. அலுமாரியைத் திறந்து, பொருளைப் பங்கிட்டு, செய்து, கழுவி, துடைத்து வைக்க ஒரு பாடவேளை போதாது. ஆசிரியை அதிபரிடம் போய்க் கேட்டது பணமும் இல்லை, புதிய கருவியும் இல்லை: நேரசூசியில் வாரத்தில் ஒருநாள் இரண்டு விஞ்ஞானப் பாடவேளைகளை அடுத்தடுத்து வைத்துத் தாருங்கள் என்பதுதான். வேறு பாட ஆசிரியர் இருவர் தம் பாடவேளையை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். பாடசாலையில் விஞ்ஞானத்தை வளர்க்க என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்கும் அதிபர்களுக்கு நான் முதலில் சொல்வது இப்போது இந்த இரட்டைப் பாடவேளையைத்தான்.

இரண்டாவதாக அவர் கேட்டது ஒரு கொப்பி. அதன் முதல் பக்கத்தில் ‘உடைந்தவை’ என்று எழுதினார். பொருள், திகதி, எப்படி உடைந்தது என்று மூன்று நிரல்கள். உடைத்த பிள்ளையே எழுத வேண்டும், திட்டும் இல்லை, தண்டமும் இல்லை. மாதக் கடைசியில் அதிபர் ஒப்பமிடுவார். கணக்கெடுப்பு வந்தால் அந்தக் கொப்பியே பதில். அதிபர் ஒரு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அந்த அதிபரின் துணிவைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மருந்துப் போத்தல்

முட்டைக்குப் பிறகு கேள்விகள் வரத் தொடங்கின. கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளை ஒன்று கேட்டது: “ஆற்றுவாய்ப் பக்கத்துத் தண்ணீரும் வெளிக்கடல் தண்ணீரும் ஒரே உப்பா?” நாக்கில் வைத்துச் சொல்லலாம் என்றான் ஒருவன். எவ்வளவு வித்தியாசம் என்று நாக்குச் சொல்லுமா என்று ஆசிரியை கேட்டார். அப்படியென்றால் அளக்க ஒரு கருவி வேண்டும்.

அலுமாரியில் நீரமானி இருந்தது. ஆசிரியை அதை எடுக்கவில்லை. நீங்களே ஒன்று செய்யுங்கள் என்றார். இது சரியா என்று அன்று எனக்கு ஐயம் இருந்தது. இருக்கிற கருவியை ஒளித்து வைத்துவிட்டுச் செய்யச் சொல்வது நேர விரயம் என்று நினைத்தேன்.

முதலில் வந்தது குமிழ்முனைப் பேனாவின் வெற்றுக் குழல். அடியைக் களிமண்ணால் அடைத்து நிறுத்தினார்கள். நின்றது. கிணற்று நீரில் ஒரு கோடு, கடல் நீரில் ஒரு கோடு. இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீற்றர் கூட இல்லை. தண்ணீர் கொஞ்சம் ஆடினால் எந்தக் கோடு எது என்றே தெரியவில்லை. பெரிய குழல் வைத்தால் பெரிய வித்தியாசம் வரும் என்று ஒரு குழு பப்பாசி இலைக் காம்பை வெட்டி வந்தது. தடிப்பு நாலு மடங்கு. வித்தியாசம் அதே இரண்டு மில்லிமீற்றர். ஒரே சீரான குழலில், அமிழும் நீளத்தின் நூற்றில் எத்தனை பங்கு அடர்த்தி மாறுகிறதோ அத்தனை பங்குதான் கோடும் மாறும். குழல் தடித்தாலும் மெலிந்தாலும் அதில் மாற்றம் இல்லை. இதைப் பிள்ளைகள் சூத்திரமாக அறியவில்லை. மூன்று குழல்கள் தோற்றுப்போனதில் அறிந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை சிறிய மருந்துப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தாள். தம்பியின் இருமல் மருந்துப் போத்தல். அதன் மூடியில் துளையிட்டு, பேனாக் குழலைச் செருகி, மெழுகால் ஒட்டியிருந்தாள். போத்தல் முழுவதும் தண்ணீருக்குள் போய்விட வேண்டும், குழல் மட்டும் மேலே நிற்க வேண்டும் என்றாள். முதல் முறை அது பக்கவாட்டாகச் சாய்ந்து படுத்துவிட்டது. மணலைப் போட்டாள். இன்னும் கொஞ்சம் போட்டாள். நிமிர்ந்து நின்றது. கிணற்று நீரிலிருந்து கடல் நீருக்கு மாற்றியதும் குழல் இரண்டு விரல் அகலம் மேலே எழும்பியது.

பெரிய வயிறும் மெல்லிய கழுத்தும். வயிறு இடம்பெயர்க்கும் நீரில் நூற்றில் இரண்டரைப் பங்கு மாற வேண்டுமென்றால், மெல்லிய கழுத்தில் அது நீளமாகத்தான் தெரிய வேண்டும்.

அப்போதுதான் ஆசிரியை அலுமாரியைத் திறந்து நீரமானியைப் பஞ்சிலிருந்து எடுத்துக் காட்டினார். பெரிய வயிறு, மெல்லிய கழுத்து, அடியில் பாரம். “எங்கள் போத்தல் மாதிரியே இருக்கிறது!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். என் ஐயம் அன்றோடு தீர்ந்தது. நீரமானியை முதலிலேயே கொடுத்திருந்தால் அது ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்று ஒரு பிள்ளையும் கேட்டிருக்காது. தொழினுட்பம் கற்பிப்பது என்றால் கணினி அறை திறப்பது என்று நினைக்கும் நமக்கு, ஒரு கருவியின் வடிவத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியவைப்பதும் தொழினுட்பக் கல்விதான் என்பதை அந்த இருமல் மருந்துப் போத்தல் காட்டியது.

அந்தப் பெண்பிள்ளையைப் பற்றி இன்னொன்று. முதல் மாதம் முழுவதும் அவள் கையில் பேனாதான் இருந்தது. ஒவ்வொரு குழுவிலும் ஆண்பிள்ளைகள் கருவியைப் பிடிக்க, பெண்பிள்ளைகள் அளவை எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுத்து அழகு என்பதால் அவர்களிடம் விட்டதாகப் பையன்கள் சொன்னார்கள். நான் பலமுறை அந்த வகுப்பில் இருந்தும் என் கண்ணில் இது படவில்லை. ஆசிரியையின் கண்ணில் பட்டது. இந்த வாரம் பேனா பிடித்தவர் அடுத்த வாரம் தராசு பிடிக்க வேண்டும் என்று விதி வைத்தார். விதி வைக்காமல் விட்டிருந்தால் அந்தப் போத்தல் வகுப்புக்கு வந்திருக்காது.

போத்தல் சாய்ந்ததைப் பார்த்த நாளில், கிண்ணியாப் பக்கம் சொந்தக்காரர் உள்ள ஒரு பிள்ளை கேட்டது: “டீச்சர், குறிஞ்சாக்கேணியில் படகு அப்படித்தான் கவிழ்ந்ததா?”

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாலம் கட்டி முடியாத குறிஞ்சாக்கேணியில், பாடசாலைக்குப் போன பிள்ளைகளையும் ஏற்றிச் சென்ற இழுவைப் படகு கவிழ்ந்தது. உயிரிழந்தவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். இந்த மாவட்டத்தில் அந்தக் காலையை மறந்தவர் எவரும் இல்லை. வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த விபத்தின் காரணத்தை வகுப்பறையில் தீர்க்கும் உரிமை நமக்கு இல்லை என்று ஆசிரியை தெளிவாகச் சொன்னார். ஆனால் மிதக்கும் ஒன்று எப்போது சாயும் என்று நாம் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும் என்றார்.

மீன் பேணியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கூழாங்கற்களை அடியில் நடுவாக வைத்தார்கள். பல கற்களைத் தாங்கியது. அதே கற்களை ஒரு தட்டு வைத்து அதன்மேல் உயரத்தில் அடுக்கினார்கள். கொஞ்சம் ஆட்டியதும் கவிழ்ந்தது. ஒரு பக்கமாக நகர்த்தினார்கள். பாதிக் கற்களிலேயே கவிழ்ந்தது. தாழ்ந்துபோகும் பாரத்துக்கு வெகு முன்பே கவிழ்ந்துவிடும் என்பதைக் கண்ணால் கண்டார்கள். படகில் எல்லோரும் ஒரு பக்கம் போகக்கூடாது, எழும்பி நிற்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு பிள்ளையும் அன்று கேட்கவில்லை. அந்தப் பாடத்தில் ஆசிரியை பலகையில் எதையும் எழுதவில்லை.

பூச்சியமும் வெற்றிடமும்

மழைமானி கதை சுருக்கமானது. ஆனாலும் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமானது இதுதான். மழைக்காலம் தொடங்கும் ஒக்டோபருக்கு முன், பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகி ஒரு மழைமானி செய்தார்கள். அடியின் வளைவை நிரவக் கூழாங்கல் போட்டு, பூச்சியக் கோடுவரை தண்ணீர் ஊற்றி, கூரைக்கும் மரத்துக்கும் தள்ளி நட்டார்கள். வளிமண்டலவியல் திணைக்களம் நாள் மழையைக் காலை 8.30க்குக் கணக்கெடுப்பதால் இவர்களும் 8.30க்கே வாசித்தார்கள். கொப்பியில் தினமும் ஒரு வரி.

நவம்பரில் நான் கொப்பியைப் புரட்டினேன். சனி, ஞாயிறு எல்லாம் 0 என்று இருந்தது. முந்தின சனிக்கிழமை இரவு முழுவதும் பெய்த மழையில் நானே நனைந்திருந்தேன். ஆசிரியையிடம் காட்டினேன். அவர் பிள்ளைகளைக் கூட்டிக் கேட்டார்: “சனிக்கிழமை யார் அளந்தது?” பதில் இல்லை. “0 என்று எழுதினால் மழை பெய்யவில்லை என்று நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள். நீங்கள் பார்த்தீர்களா?”

வெறுமையாக விட்டால் வேலை செய்யவில்லை என்று திட்டுவீர்கள் என்று நினைத்தோம் என்றான் பொறுப்பாளர் பையன்.

அந்தப் பதில் என்னைச் சுட்டது. பாடக்குறிப்பில் வெற்றிடம் இருந்தால் திட்டி, நிரப்பியிருந்தால் ஒப்பமிட்டு, பார்க்காததைப் பார்த்ததாக எழுதப் பழக்கியவர்களில் நானும் ஒருவன். ஆசிரியர்களுக்கு நான் பழக்கியதை அவர்கள் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறார்கள். ஆசிரியை அந்தப் பூச்சியங்களைச் சிவப்பு மையால் வெட்டச் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘அளக்கவில்லை’ என்று எழுதச் சொன்னார். திங்கட்கிழமை வாசிப்பை மூன்று நாள் மழையின் கூட்டுத்தொகை என்று குறிக்கச் சொன்னார். அடுத்த வாரம் முதல், பாடசாலைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் வாரக் கடைசி வாசிப்பைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

கேள்விகள் எழுத வராந்தாவில் ஒரு பழைய கரும்பலகை வைத்திருந்தார். அதில் அவர் எழுதிய ஒரே வசனம்: ‘அளந்து பார்க்கலாமா?’ புல்மோட்டைக் கடற்கரை மணல் ஏன் கறுப்பு என்று ஒருவன் எழுதியிருந்தான். அங்குள்ள இல்மனைற்று என்ற கறுப்புக் கனிமம், சாதாரண மணலான குவாட்சை விட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தி கூடியது. அலை இலேசானதை இழுத்துக்கொண்டு போக, கனத்தது கரையில் தங்குகிறது. அப்பா நெல்லுக்குச் செய்வதைக் கடல் மணலுக்குச் செய்கிறது என்று முட்டைக் கதை சொன்ன அதே பையன் சொன்னான்.

பலிக்காதவை

எல்லாம் கைகூடியதாக எழுதினால் இது ஆய்வு ஆகாது. நன்கொடையாக வந்த ரோபோப் பெட்டி ஒன்று அந்த ஆண்டு முழுவதும் அலுமாரியின் மேல்தட்டிலேயே இருந்தது. பழுதான மின்கலத்துக்கு மாற்று ஊரில் கிடைக்கவில்லை, செய்முறைப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. கொடுத்தவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனபின் திரும்ப வரவில்லை. கருவி கொடுப்பவர்கள் ஓர் ஆசிரியரோடு இரண்டு நாள் உட்கார்ந்து அதை இயக்கிக் காட்டினால், பெட்டியின் விலையை விட அந்த இரண்டு நாள் பெறுமதி கூடும்.

கூரைத் தண்ணீரைத் தேக்கும் முயற்சி பாதியில் நின்றது. கணக்கு அருமையாக இருந்தது: ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர், 20 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் உள்ள கூரையில் 25 மில்லிமீற்றர் பெய்தால் 3,000 லீற்றர். பி.வி.சி. குழாயைப் பிளந்து கட்டிய பீலி டிசம்பர்க் காற்றில் கழன்று விழுந்தது. பாரம் தாங்கும் பிடி பற்றி எங்களில் யாரும் யோசிக்கவில்லை.

கண்காட்சியிலும் எனக்கு மனக்குறை உண்டு. நம் பாடசாலைக் கண்காட்சிகளில் ரெஜிபோமில் செய்த எரிமலை ஒன்று தவறாமல் இருக்கும். அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றினால் பொங்கும், பக்கத்தில் நிற்கும் பிள்ளை மனப்பாடம் செய்ததை ஒப்புவிக்கும். எரிமலையே இல்லாத நாடு இது. திருகோணமலை நகரிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவில் கன்னியாவில் ஏழு கிணறுகளில் வெந்நீர் ஊறுகிறது. அதைப் பற்றி ஒரு காட்சிப் பொருளையும் நான் நெடுநாள் கண்டதில்லை. இந்த வகுப்புப் பிள்ளைகள் வெப்பமானியோடு அங்கே போனார்கள். ஏழும் ஒரே சூடு இல்லை என்று தாங்களே எழுதிக்கொண்டு வந்தார்கள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் ஏழிடத்தில் நிலத்தில் குத்திய கதையை ஒரு பிள்ளை சொன்னபோது ஆசிரியை அதை மறுக்கவோ இகழவோ இல்லை. “அது நம் முன்னோர் இந்த இடத்தை எவ்வளவு மதித்தார்கள் என்று சொல்கிறது. இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பது இன்னொரு கேள்வி” என்றார். மழை நீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடாகி மேலே வருகிறது. ஒரு கிலோமீற்றர் ஆழம் போனால் நிலம் ஏறக்குறைய 25 முதல் 30 பாகை செல்சியஸ் சூடு கூடும். அவ்வளவும் செய்தும், அந்த ஆண்டுக் கண்காட்சியில் பிள்ளைகள் வைத்தது எரிமலைதான். நடுவர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாற வேண்டியது நடுவர்களான எங்களைப் போன்றவர்கள்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழும்பி, முட்டையைத் தண்ணீரில் போடவா பிள்ளையை அனுப்புகிறோம், பாடம் எப்போது முடியும் என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் நியாயம். ரியூசனுக்குக் காசு கட்ட முடியாத வீடு, பரீட்சை ஒன்றே வழி. ஆசிரியை கோபிக்கவில்லை. சாதாரண தரப் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, பரிசோதனை அமைப்பைப் படமாகக் காட்டி அதன்மேல் கேட்கப்பட்ட வினாவை வாசித்துக் காட்டினார். “அக்கா, இதைச் செய்து பார்த்த பிள்ளை எழுதும். பாடமாக்கிய பிள்ளை தடுமாறும்” என்றார். தாய் முழுதாக ஒப்புக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். அடுத்த முறையும் முட்டை கொடுத்தனுப்பினார். தவணைப் பரீட்சைப் புள்ளிகளில் பெரிய பாய்ச்சல் ஒன்றையும் நான் காட்ட முடியாது. நான் கண்ட மாற்றம் விடைத்தாளில் இருந்தது: ‘ஏன்’ என்ற வினாவுக்குக் கீழே முன்பு வெறுமையாக விட்ட பிள்ளைகள் இரண்டு மூன்று வரி எழுதியிருந்தார்கள். சில பிழை. ஆனால் சொந்த வரிகள்.

ஆசிரியர் மாறினால்

அடுத்த ஆண்டு ஆசிரியைக்கு இடமாற்றம் வந்தது. நல்ல முயற்சிகள் பலவற்றின் கதை இந்த இடத்தில்தான் முடிகிறது. ஓர் ஆளின் உற்சாகத்தில் நடந்தது அந்த ஆளோடு பஸ் ஏறிப் போய்விடும். அதைத் தடுக்க அவர் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. போவதற்கு முன் இரட்டைப் பாடவேளையை அடுத்த ஆண்டு நேரசூசியிலும் போட்டு வைக்கும்படி அதிபரிடம் கேட்டுக்கொண்டார். மழைக் கொப்பியைக் கீழ் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் கொடுத்து வாசிக்கப் பழக்கினார். மேற்பார்வைக்குப் போகும்போது நான் பயன்படுத்தும் படிவத்தில், பாடக்குறிப்புக்கு மேலே, ‘இந்த மாதம் பிள்ளைகள் கையால் எதைத் தொட்டார்கள்?’ என்று ஒரு வரியை நானே எழுதிச் சேர்த்துக்கொண்டேன். படிவத்தில் அதற்கு இடமில்லை. ஓரத்தில் எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர் பட்டதாரி இளைஞர், முதல் நியமனம். வந்த இரண்டாவது வாரம் எனக்கு அழைப்பு எடுத்தார்.

“சேர், பிள்ளைகள் அலுமாரித் திறப்பைக் கேட்கிறார்கள். எப்போதும் தாங்கள்தான் திறப்பதாம். கொடுக்கலாமா? ஏதாவது உடைந்தால் நான் என்ன சொல்வது?”

உள்ளே வலப்பக்கத் தட்டில் ஒரு கொப்பி இருக்கும், அதன் கடைசி வரியை வாசியுங்கள் என்றேன். அவர் தேடி எடுப்பது கேட்டது. பிறகு மெதுவாக வாசித்தார்:

“நீரமானி 1. கழுவும்போது கை வழுக்கியது. எங்கள் மருந்துப் போத்தல் இருக்கிறது, அதை வைத்து மிச்சத்தை அளந்துவிட்டோம்.”